பீட்டிலின் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிய வேண்டாம்: பெங்களூரு வண்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் இன்னும் ஓடும் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில்களின் அடியில் படுத்துப் பார்த்தால், பலவற்றில் வலப்பக்க சிலிண்டர்களுக்குக் கீழே ஒரு தாங்கி மட்டும் வெறுமனே தொங்கும். அதில் இருக்க வேண்டிய தெர்மோஸ்டாட் எப்போதோ குப்பைக்குப் போயிருக்கும். "அது ஐரோப்பாவின் பனிக்கு வைத்தது சார், நம்ம ஊருக்கு எதுக்கு?" என்று எந்த மெக்கானிக்கோ சொல்லியிருப்பார். ஏர் கூல்டு எஞ்சின் என்றாலே சூடு ஏறிவிடும் என்ற பயத்தில் ஓனரும் தலையாட்டியிருப்பார்.

அந்தப் பயத்துக்கு இந்தப் பாகம் காரணமே இல்லை. எஞ்சின் சூடானதும் தெர்மோஸ்டாட் ஒதுங்கிக்கொள்கிறது. காற்றுப் பாதை முழுசாகத் திறந்துவிடுகிறது. சூடான எஞ்சினில் அது இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிலிண்டருக்குப் போகும் காற்று ஒன்றுதான். ஆகவே அதைக் கழற்றியதால் எந்த எஞ்சினும் சில்லென்று ஓடப்போவதில்லை. ஸ்டார்ட் செய்த முதல் சில கிலோமீட்டர்கள்தான் அதன் வேலை நேரம். தேய்மானம் அதிகம் நடப்பதும் அந்த நேரத்தில்தான்.

எப்படி வேலை செய்கிறது

பீட்டிலின் ஃபேன், ஜெனரேட்டர் ஷாஃப்டின் மறுமுனையில் இருக்கிறது. பெல்ட் சுற்றினால் அதுவும் சுற்றும், நிறுத்த வழியில்லை. குளிர்ந்த எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்த அந்த நொடியிலிருந்தே சிலிண்டர்கள் மேல் காற்று கொட்டும். அதைக் கட்டுப்படுத்த ஃபேன் ஷ்ரவுடின் (ஃபேனை மூடி, அதன் காற்றை சிலிண்டர்களுக்குத் திருப்பும் தகட்டு உறை) அடியில் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஃபிளாப்கள், அதாவது காற்றுப் பாதையை மூடித் திறக்கும் தகட்டுக் கதவுகள், உண்டு. இரு பக்கத்தையும் ஒரு கம்பி இணைக்கிறது. வலப்பக்க ஃபிளாப்பிலிருந்து இன்னொரு கம்பி 1, 2 ஆகிய சிலிண்டர்களுக்கு நடுவே கீழே இறங்கி, புஷ்ராட் டியூப்களுக்கு (வால்வைத் தள்ளும் கம்பிகள் போகும் குழாய்கள்) இடையில் உட்கார்ந்திருக்கும் பெல்லோஸில் போய்த் திருகிக்கொள்கிறது. வலப்பக்கம் என்பது வண்டி ஓடும் திசையைப் பார்த்து நிற்கும்போது வலது.

இந்த பெல்லோஸ்தான் தெர்மோஸ்டாட்: ஆர்மோனியத்தின் துருத்தி போல மடிப்பு மடிப்பான மெல்லிய உலோக டப்பா. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, எளிதில் ஆவியாகும் திரவம் கொஞ்சம் விட்டு மூடியிருப்பார்கள். குளிர்ந்திருக்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் அதை நசுக்கிக் குட்டையாக்கும். குட்டையானால் கம்பி கீழே இழுபடும், ஃபிளாப்கள் மூடும். சிலிண்டர்களைத் தாண்டி வரும் காற்று சூடேறச் சூடேற உள்ளே ஆவி பெருகி பெல்லோஸ் நீளும். அப்போது கம்பி மேலே போக, ஒரு ஸ்பிரிங் ஃபிளாப்களைத் திறந்து பிடிக்கும். டைப் 1 எஞ்சினின் (பீட்டிலின் எஞ்சின் வகை) பெல்லோஸில் 65-70 டிகிரி செல்சியஸ் என்று முத்திரை இருக்கும். அந்தச் சூட்டில் பாதை முழுதாகத் திறந்திருக்க வேண்டும்.

இந்த அமைப்பில் பாராட்ட வேண்டியது அது பழுதாகும் விதம். மூடுவதற்கு பெல்லோஸின் பலம் வேண்டும். திறப்பதற்கு ஸ்பிரிங்கே போதும். பெல்லோஸ் எங்காவது ஓட்டையானால் வெளிக்காற்று உள்ளே புகுந்து அது நீண்டுவிடும், ஃபிளாப்கள் திறந்தபடியே நிற்கும். "மூடியபடி சிக்கி எஞ்சினை எரித்துவிடும்" என்று அஞ்சுவதற்கு நேர் எதிரான வடிவமைப்பு. மூடியபடி சிக்க இரண்டே வழிதான் பெரும்பாலும்: ஃபிளாப்பின் முளைகள் துருப்பிடித்து இறுகியிருக்க வேண்டும், அல்லது ஸ்பிரிங் போய் கம்பியும் வளைந்திருக்க வேண்டும். இரண்டையும் கையால் ஆட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

நம்ம ஊரில் இது எதற்கு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 15, 16 டிகிரி சாதாரணம். அல்சூரிலிருந்து சிவாஜிநகர் வரை, ஜெயநகரிலிருந்து பசவனகுடி வரை என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தும் வண்டியைக் கெடுக்க இந்தக் குளிரே போதும். ஃபிளாப் இல்லாவிட்டால் ஆயில் 80 டிகிரியைத் தொடாமலே திரும்பி வந்து நின்றுவிடும். கார்பரேட்டரிலிருந்து வரும் பெட்ரோல் குளிர்ந்த சிலிண்டர் சுவரில் ஆவியாகாமல் ஒட்டி, ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே போகிறது. எரியும்போது உண்டாகும் நீராவி கிராங்க் கேஸில் (எஞ்சினின் அடிக்கூடு) தண்ணீராகத் தங்குகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் நிறத்தில் பசை ஒட்டியிருக்கிறதா? எஞ்சின் சரியாகச் சூடேறவில்லை என்று அர்த்தம். இந்த எஞ்சினுக்கு ஆயில் மொத்தமே 2.5 லிட்டர்; அதில் தண்ணீரும் பெட்ரோலும் கலந்தால் சீக்கிரமே கெட்டுவிடும்.

உயரத்தால் இன்னொன்றும் நடக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவு. பெல்லோஸை நசுக்கும் கை கொஞ்சம் தளர்வதால் அது சற்று முன்னதாகவே நீளும், கவலை இல்லை. ஆனால் அதே காரணத்தால் ஃபேன் தள்ளும் காற்றின் எடையும் குறைகிறது. ஆகவே தகடுகளும் ரப்பர்களும் சரியாக இருப்பது சென்னையைவிட இங்கே முக்கியம். அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை

1964 ஆகஸ்டுக்கு முன் வந்த எஞ்சின்களில் ஷ்ரவுடுக்குள் இந்த ஃபிளாப்கள் கிடையாது. ஃபேன் காற்றை உறிஞ்சும் வாயில் ஒரு வட்ட வளையம் இருக்கும். பெல்லோஸ் அந்த வளையத்தை நகர்த்தும். அதற்குப் பிந்தையவற்றில்தான் ஷ்ரவுடின் அடியில் ஃபிளாப்கள். பல பீட்டில்களில் எஞ்சின் மாறியிருக்கும் என்பதால் ஆர்.சி. புத்தகத்து வருடத்தை நம்ப வேண்டாம், ஷ்ரவுடையே பாருங்கள். கீழே சொல்வது ஃபிளாப் வகைக்கு; வளைய வகைக்கு எங்கே வேறுபடும் என்பதைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

வண்டியில் வைத்தே சோதிப்பது

இரவு முழுக்க நின்ற, முற்றிலும் குளிர்ந்த எஞ்சின் வேண்டும். பின்பக்கத்தைத் தூக்கி, டார்ஷன் பார் குழாய்க்கு (பின் சக்கரங்களுக்கு முன்னால் குறுக்கே போகும் தடித்த குழாய்) அடியில் இரண்டு ஆக்ஸில் ஸ்டாண்டுகளை வையுங்கள். பழைய பீட்டில்களில் ஜாக் மாட்டும் இடம் உள்ளே துருவேறி இருக்கும். ஜாக்கை மட்டும் நம்பியோ, செங்கல் அடுக்கியோ அடியில் போக வேண்டாம். முன் சக்கரங்களுக்கு அணை கொடுங்கள்.

1. வலப்பக்க சிலிண்டர்களுக்குக் கீழுள்ள தகட்டைக் கழற்றுங்கள். ஸ்க்ரூ இறுகியிருந்தால் துருநீக்கி எண்ணெய் அடித்து முதல் நாளே ஊற விடுங்கள். இந்தத் தகடே இல்லையென்றால் நோயின் பாதி அங்கேயே தெரிந்துவிட்டது: தகடு இல்லாமல் ரோட்டுக் காற்று நேரே பெல்லோஸ் மேல் அடிக்கும், எஞ்சின் கொதித்தாலும் பெல்லோஸ் அதை அறியாது.

2. பெல்லோஸைப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் குட்டையாக, விறைப்பாக இருக்க வேண்டும். நீண்டு, தாங்கியின் மேல்வளைவைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது செத்துப்போன பெல்லோஸ்.

3. பெல்லோஸைத் தாங்கியோடு பிடித்திருக்கும் அடிப் போல்ட்டை 13 நம்பர் ஸ்பேனரால் கழற்றுங்கள். கழன்ற உடனே பெல்லோஸ் கம்பியோடு சேர்ந்து மேலே துள்ள வேண்டும். அது ஸ்பிரிங்கின் வேலை. துள்ளாமல் அப்படியே நின்றால் ஃபிளாப் இறுகியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங் இல்லை. கம்பி எந்த எதிர்ப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால் மேலே ஃபிளாப்பே இல்லை, யாரோ எடுத்துவிட்டார்கள்.

4. பெல்லோஸைப் பிடித்து மெல்ல கீழே இழுத்து விடுங்கள். கரகரப்பு இல்லாமல் ஒரே சீராக ஏறி இறங்க வேண்டும். பாதியில் உரசினால் கம்பி வளைந்து சிலிண்டர் விளிம்பிலோ தகட்டுத் துளையிலோ இடிக்கிறது.

மூன்றாவது படிதான் இதில் உயிர். ஸ்கேனரும் மீட்டரும் வேண்டாம்; அந்தத் துள்ளல் இருந்தால் மேலே இருக்கும் எல்லாமும் உயிரோடிருக்கிறது.

பெல்லோஸைத் தண்ணீரில் சோதிப்பது

அடிப் போல்ட் கழன்றபின் பெல்லோஸை இடஞ்சுழியாகத் திருகினால் கம்பியிலிருந்து கழன்று வரும். குறடு போட்டு மடிப்புகளைப் பிடிக்காதீர்கள். மெல்லிய தகடு, ஒரு சுருக்கம் விழுந்தாலும் அங்கேயே விரியும்.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, சமையலறைத் தெர்மாமீட்டரைத் தொங்கவிடுங்கள். பெல்லோஸைக் கம்பியில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நடுவில் முழுக வையுங்கள். அடுப்பை சிறு தீயில் வையுங்கள். 65 முதல் 70 டிகிரி வரும்போது அதன் நீளம் குறைந்தது 46 மில்லிமீட்டர் இருக்க வேண்டும்; வெர்னியரால் அளங்கள். அந்த அளவு வந்ததும் எடுத்துவிடுங்கள். தாங்கிக்கு வெளியே கட்டுப்பாடின்றி இருக்கும் பெல்லோஸைக் கொதிநீரில் போட்டால் அளவுக்கு மீறி நீண்டு மடிப்பு கெட்டுவிடும். வெளியே ஆறும்போது அது திரும்பிச் சுருங்குகிறதா என்றும் பாருங்கள். தண்ணீரில் இருக்கும்போது ஈயப் பற்று வைத்த ஓரங்களிலிருந்து குமிழி வந்தால் கசிவு. அதை மறுபடி பற்றவைத்துச் சரிசெய்ய முயல்வது வீண். உள்ளே இருந்த திரவமும் வெற்றிடமும் போய்விட்டன.

திரும்ப மாட்டி அளவு வைப்பது

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். நல்ல பெல்லோஸ் போட்டும் தாங்கி தவறான உயரத்தில் இருந்தால் ஃபிளாப் முக்கால்வாசிதான் திறக்கும். கோடையில் வண்டி சூடேறும், பழி தெர்மோஸ்டாட் மேல் விழும்.

1. பெல்லோஸைக் கம்பியில் முழு மரையும் ஏறும் வரை கையால் திருகுங்கள்.

2. தாங்கியை எஞ்சின் கேஸோடு பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்துங்கள். தாங்கியில் நீளத் துளை இருப்பதால் மேலும் கீழும் நகரும்.

3. அடிப் போல்ட்டைப் போடாமல், பெல்லோஸை மேல்நோக்கித் தள்ளுங்கள். அதற்கு மேல் போகாது என்று நிற்கும் இடம்தான் ஃபிளாப் முழுதாகத் திறந்த நிலை.

4. அந்த நிலையில் பிடித்துக்கொண்டே, தாங்கியின் மேல்வளைவு பெல்லோஸின் தலையைத் தொடும் அளவுக்கு நகர்த்தி நட்டை இறுக்குங்கள். கேஸ் மெக்னீசியக் கலவை; பலத்தைக் காட்டினால் மரை கையோடு வந்துவிடும்.

5. இப்போது குளிர்ந்து குட்டையாக இருக்கும் பெல்லோஸைக் கீழே இழுத்து அடிப் போல்ட்டை மாட்டுங்கள். இழுக்கும்போது ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும்; அப்போதுதான் ஃபிளாப் மூடுகிறது. பெல்லோஸ் முறுக்கிக்கொள்ளாமல் ஒரு கையால் பிடித்தபடி போல்ட்டை இறுக்குங்கள்.

6. கீழ்த் தகட்டை மாட்டும் முன் ஒருமுறை ஓட்டிப் பார்க்கத் தோன்றும். வேண்டாம். தகடு இல்லாத சோதனை பொய் சொல்லும். தகட்டோடு அரை மணி நேரம் ஓட்டி வந்து, எரிகாயம் படாத கையுறையோடு உடனே தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பெல்லோஸின் தலை மேல்வளைவைத் தொட்டு நிற்க வேண்டும்.

வளைய வகை எஞ்சினில் தாங்கிக்குப் பதில் வளையத்தின் கைப்பிடியில் அளவு வைக்க வேண்டும். எஞ்சின் சூடாகி பெல்லோஸ் மேல் எல்லையைத் தொட்டபின், வளையத்தின் மேல் விளிம்புக்கும் ஷ்ரவுடுக்கும் இடையே சுமார் 20 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு கைப்பிடியின் இறுக்கத்தைத் தளர்த்தி வைத்து முடுக்குங்கள்.

ஃபிளாப்பே இல்லையென்றால்

ஷ்ரவுடைத் தூக்கியாக வேண்டும். பேட்டரியைப் பிரித்து, கார்பரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, ஆக்சிலரேட்டர் கேபிளை விடுவித்து, ஃபேன் பெல்ட்டை எடுத்து, ஜெனரேட்டரின் பட்டையைத் தளர்த்தி, காயில் வயர்களைக் குறித்துக்கொண்டு பிரித்து, ஹீட்டர் குழாய்களை உருவி, இரு பக்க ஸ்க்ரூக்களையும் கழற்றினால் ஷ்ரவுடு ஜெனரேட்டரோடு மேலே வரும். ஆயில் கூலருக்குத் தனிப் பாதை உள்ள டாக்ஹவுஸ் ஷ்ரவுடில் ஆயில் கூலர் காற்றுத் தகட்டையும் பிரிக்க வேண்டும். ஒன்றை மறக்கவே கூடாது: ஷ்ரவுடில் கை வைக்கும் முன் கீழே பெல்லோஸிலிருந்து கம்பியைக் கழற்றுங்கள். அதை மறந்து தூக்கியதால் வளைந்த கம்பிகள்தான் பழைய வண்டிகளில் அதிகம்.

இடது, வலது ஃபிளாப் வேறு வேறு, மாற்றி வாங்கிவிடாதீர்கள். முளைகளைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து கிராஃபைட் தூள் போடுங்கள். கிரீஸ் வேண்டாம், பெங்களூரு தூசியைப் பிடித்து ஒரு வருடத்தில் கல்லாகிவிடும். ஸ்பிரிங்கை ஜே.சி. ரோட்டில் அளவு கொடுத்துத் தேடலாம். ஃபிளாப்பும் பெல்லோஸும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தோ உடைக்கப்பட்ட எஞ்சினிலிருந்தோதான் வர வேண்டும்.

திறந்த நிலையில் ஃபிளாப்கள் காற்றைத் திசைதிருப்பவும் செய்கின்றன. ஆகவே பெல்லோஸ் கிடைக்கும் வரை கம்பியை மட்டும் விட்டுவிட்டு, ஃபிளாப்பை ஸ்பிரிங் திறந்து பிடிக்கும்படி வைத்து ஓட்டுங்கள். ஃபிளாப்பையே பிடுங்கி எறிவதைவிட இது எவ்வளவோ மேல்.

மெழுகு வகை பற்றி ஒரு எச்சரிக்கை

பெல்லோஸுக்கு மாற்றாக, உள்ளே மெழுகு நிரப்பிய புதிய தெர்மோஸ்டாட்களும் வருகின்றன. வேலை செய்யும், உறுதியாகவும் இருக்கும். ஆனால் மெழுகு கசிந்தால் அது நீளாது, ஃபிளாப் மூடியபடி நின்றுவிடும். பழைய பெல்லோஸின் பாதுகாப்பு இதில் இல்லை. போடுவதானால் ஆயில் டெம்பரேச்சர் மீட்டர் இல்லாமல் போடாதீர்கள். என்ன டிகிரியில் திறக்கிறது என்பதையும் அதே தண்ணீர்ச் சோதனையில் நீங்களே பாருங்கள். அட்டையில் அச்சடித்ததை நம்ப வேண்டாம்.

இதற்குப் பிறகும் சூடேறினால்

ஆயில் 80 முதல் 110 டிகிரிக்குள் ஓடினால் நிம்மதி. 120ஐத் தாண்டினால் ஓரம் கட்டுங்கள். தெர்மோஸ்டாட் சரியென்று ஆகிவிட்டதால் காரணம் வேறெங்கோ இருக்கிறது, இந்த வரிசையில் தேடுங்கள்.

எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் அடியிலிருந்து வரும் சூட்டையே ஃபேன் மறுபடி உறிஞ்சும். பெங்களூரு வண்டிகளில் இதுதான் முதல் குற்றவாளி என்பது எங்கள் கருத்து. ஸ்பார்க் பிளக் வயர்கள் தகட்டைத் தாண்டும் இடத்து ரப்பர் மூடிகளும் அப்படியே. ஹீட்டர் தேவையில்லை என்று குழாய்களை வெட்டியிருந்தால் ஷ்ரவுடின் இரு வாய்களையும் மூடியாக வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று வீணாக வெளியே போகும்.

அடுத்து பெல்ட். இரண்டு புல்லிகளுக்கும் நடுவே விரலால் அழுத்தினால் 15 மில்லிமீட்டர் அளவு அமுங்க வேண்டும். புல்லியின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள வாஷர்களைக் கூட்டிக் குறைத்து அளவு வைக்க வேண்டும். ஓடும்போது ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால், "வீடு பக்கத்தில்தானே" என்று ஓட்டாதீர்கள்: பெல்ட் அறுந்திருந்தால் ஃபேனும் நின்றுவிட்டது.

இக்னிஷன் டைமிங் அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறதா, கார்பரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போகிறதா, டாப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதை அழுத்தும் கைக்கும் நடுவே உள்ள சந்து) குளிர்ந்த எஞ்சினில் 0.15 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் கூலர் ஷ்ரவுடுக்குள்ளேயே நிற்கும் பழைய வகையில் கூலரைத் தாண்டிய சூடான காற்று 3ஆம் சிலிண்டருக்குப் போகும். அங்கே எக்ஸாஸ்ட் வால்வு கெடுவது அந்த எஞ்சின்களின் பழைய வியாதி; 3ஆம் சிலிண்டரில் டாப்பெட் இடைவெளி மற்றவற்றைவிட வேகமாகச் சுருங்குகிறதா என்று குறித்து வையுங்கள். சுருங்கினால் வால்வு நீள்கிறது, ஹெட்டை இறக்கும் நேரம் வந்துவிட்டது. 1971 மாடல் 1600 எஞ்சினோடு வந்த டாக்ஹவுஸில் கூலருக்குத் தனிப் பாதை கொடுத்ததே இதற்காகத்தான்.

ஓட்டும் விதமும் உண்டு. நந்தி மலை ஏறும்போது மூன்றாவது கியரில் முனகவிட்டு ஏறினால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், எஞ்சினோ முழுச் சுமையில் இருக்கும். இரண்டாவதுக்கு மாற்றுங்கள், சத்தம் கூடினாலும் காற்றும் கூடும். உச்சிக்குப் போனதும் உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். சில்க் போர்டு சிக்னலில் நிற்பதைப் பற்றி அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை: ஐடிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலும் எஞ்சின் உண்டாக்கும் சூடும் குறைவு.

பெல்லோஸுக்கென்று தனிப் பராமரிப்பு இல்லை. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, கீழ்த் தகட்டைக் கழற்றி அது குட்டையாக இருக்கிறதா என்று பார்த்து, அதன் மேல் படிந்த எண்ணெய்ச் சேற்றைத் துணியால் துடைத்துவிடுங்கள். கம்பித் தூரிகையோ பிரஷர் வாஷரோ அதன் பக்கம் போக வேண்டாம்.